பீரங்கியின் விலை

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்தான். அதை அணைத்தான். தண்ணீர் குடித்தான். முட்டையை வேகப் போட்டான். லேப்டாப்பைத் திறந்து போன வாரத்து ஆட்டத்தைச் சத்தமில்லாமல், இரட்டை வேகத்தில் ஓடவிட்டான். முட்டை வெந்தது. உரித்து, நின்றபடியே தின்றான். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். காலரில் ஒரு சுருக்கம் போக மறுத்தது, விட்டுவிட்டான். படுக்கையில் தன் பக்கத்துப் போர்வையை மடித்தான். இன்னொரு பக்கம் மடிக்கிற அளவுக்குக் கலைவதில்லை.

பிறகு மாடிப்படி இறங்கினான்.

வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் அவனைக் கேலி பேசியது ஒரு காலம். மனைவி இறந்துபோய் இரண்டு வருடமாகியும் அவன் அதே மாடியறையில்தான் இருக்கிறான். இப்போது அவனை என்னவென்று சொல்வது என்று ஊருக்குப் புரியவில்லை. கேலியை விட்டுவிட்டார்கள்.

கீழே அத்தை நாற்காலியில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

“சாப்டீங்களா மாப்பிள்ளை?”

“ஆச்சு அத்தை.”

“முட்டைதானே?”

“முட்டைதான்.”

“ஒரு நாளாவது வேற எதையாவது தின்னுங்களேன். உங்களைப் பார்த்தாலே கோழிங்க ஒளிஞ்சுக்கும்.” லேஸை இழுத்து முடிச்சுப் போட்டார். “மத்தியானம் கூட்டம். ஸ்வெட்டர் எடுத்துக்கங்க.”

“ம்.”

“எந்தப் பக்கம்னு இப்பவே சொல்லிட்டீங்கன்னா எனக்கும் நிம்மதி, உங்களுக்கும் குளிராது.”

“கூட்டத்துல சொல்றேன் அத்தை.”

அத்தை நிமிர்ந்து பார்த்தார். இந்த இரண்டு வருடத்தில் மாப்பிள்ளை இப்படி ஒரு பதில் சொன்னதில்லை. ‘உங்க இஷ்டம் அத்தை’ என்பதுதான் அவனுடைய வாடிக்கையான பதில்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் அத்தை போட்ட குண்டின் புகை அந்த வீட்டில் இன்னும் அடங்கவில்லை. புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடும்பத் தொழில் ஐஸ் தொழிற்சாலை. தொழிற்சாலை ஆட்கள் சாயங்காலப் பொழுதுபோக்குக்கு ஆடத் தொடங்கிய கால்பந்து டீம் வளர்ந்து வளர்ந்து இன்று பெரிய லீகில் ஆடுகிறது. ஊரில் எல்லோருக்கும் அது ‘ஐஸ்காரங்க டீம்’. இடைவேளை வரை முன்னிலையில் இருந்துவிட்டு அப்புறம் கோட்டை விடுவது அந்த டீமின் குலவழக்கம். எதிர் டீம் ரசிகர்கள் இரண்டாவது பாதி தொடங்கியதுமே “உருகுதுடோய்!” என்று கத்த ஆரம்பிப்பார்கள்.

உருகாமல் இருக்க அத்தை கண்ட வழி பணம். மூன்று நாடுகளில் கோப்பை வாங்கிக் கொடுத்த ஒரு கோச்சைப் பேசி முடித்திருக்கிறார். அவருடைய வெள்ளைத் தாடி உலகப் பிரசித்தம், ஆகவே ‘தாடி’. கூடவே, போன சீசனில் லீகிலேயே அதிக கோல் அடித்த முன்களக்காரன் ‘பீரங்கி’. இரண்டு பேரையும் ஒரே ஏஜென்ட் கையில் வைத்திருக்கிறான். ஆள் வாங்குவதற்கான கெடு இன்று மாலையோடு முடிகிறது. இவ்வளவு பெரிய தொகைக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் பயிற்சி மைதானத்தை அடுக்குமாடி கட்டுகிறவருக்கு விற்பது.

மாமா கூடாது என்கிறார். மச்சான் கண்டிப்பாக வேண்டும் என்கிறான். மனைவியின் பங்கு கைக்கு வந்ததால் நான்காவது வாக்கு அவனுடையது. டீமுக்கு ஆட்டக்காரர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலையும் அவனுடையது. மைதானம் போனால் அவன் சேர்த்துக் கட்டிய டீமும் போகும். அது அவனுக்குத் தெரியும். இந்தத் தடவை அதற்கான பதிலும் தெரியும்.

* * *

பயிற்சி மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்க ஐஸ் தொழிற்சாலையின் சுவர். பந்து அந்தச் சுவரில் பட்டுப் பட்டு, ஆள் உயரம் வரைக்கும் பெயின்ட் உதிர்ந்து கிடக்கும். பையன்கள் அந்தச் சுவரை ‘பன்னிரண்டாவது ஆள்’ என்பார்கள்.

கோலி விசில் ஊதினார். அவர் இந்த டீமின் பழைய கோல்கீப்பர், இப்போது தற்காலிக கோச். வலது கைச் சுண்டுவிரல் எப்போதோ உடைந்து, திசைகாட்டி மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். அந்த விரலை நீட்டி அவர் ‘அங்கே போ’ என்றால் புது ஆட்கள் தப்பான இடத்துக்குத்தான் போவார்கள்.

“வாங்க சார். தாடி வர்றாராமே?”

“யார் சொன்னா?”

“பஸ் டிரைவர். பீரங்கியோட ஷூ சைஸ் வரைக்கும் சொல்றாரு.”

“இன்னும் முடிவாகலை.”

“எனக்கென்ன சார், ஒருத்தர் போய் இன்னொருத்தர் வர்ற வரைக்கும் நாற்காலி சூடு ஆறாம பாத்துக்கறதுதான் என் உத்தியோகம். டாக்டர் போனப்பவும் பாத்துக்கிட்டேன், மேஜர் போனப்பவும் பாத்துக்கிட்டேன்.”

டாக்டர், மேஜர் இரண்டு பேரும் இரண்டு வருடத்துக்குள் வந்துபோன கோச்சுகள். டாக்டர் ஆட்டக்காரர்களின் சாப்பாட்டுத் தட்டைத் தராசில் வைத்து எடை போட்டார். மேஜர் காலையில் கொடியேற்றாத குறையாக அணிவகுப்பு நடத்தினார். நடுவில் ‘மின்னல்’ என்று, ஓரக் கோட்டில் ஓடி ஆடும் ஒரு விங்கரையும் வாங்கினார்கள். பெயருக்கு ஏற்ற வேகம்தான். ஆனால் பந்து வந்து சேரும்போது அவன் அந்த இடத்தைத் தாண்டி எப்போதோ போயிருப்பான். யாருக்காக ஓடுகிறான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. பாதி விலைக்கு விற்றார்கள். டீம் ஒரு வருடம் ஏழாவது இடம், மறு வருடம் எட்டாவது இடம்.

மேஜர் போய் கோலி விசிலைக் கையில் எடுத்த பிறகு டீம் ஒரே ஒரு ஆட்டம்தான் தோற்றிருக்கிறது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. கோலியும் பேசுவதில்லை.

மைதானத்தில் இடது பக்கமிருந்து பந்து வந்தது. விங்கர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடியே பந்தைச் சுவரை நோக்கி அடித்தான். சுவர் திருப்பிக் கொடுத்தது. அது வந்து விழுந்த இடத்தில் குட்டை நின்றிருந்தான். அவன் இந்த டீமின் முன்களக்காரன்; உயரத்தால் வந்த பெயர். ஒரே தட்டு. வலை ஆடியது.

“பாத்தீங்களா சார்? பாக்காமலே குடுக்கறான்.”

“பாத்தேன்.”

“மூணு வருஷம் சேந்து ஆடின பழக்கம் சார். சுவருக்கே இவனுங்க ரெண்டு பேரையும் அடையாளம் தெரியும்.”

“பீரங்கி வந்தா குட்டை எங்கே ஆடுவான்?”

“பெஞ்சுல. அவன் உயரத்துக்கு பெஞ்சு வசதியா இருக்கும்.” கோலி சிரிக்கவில்லை. “நீங்க பீரங்கியோட ஆட்டம் எல்லாம் பாத்திருப்பீங்களே. நிஜமாவே அவ்வளவு பெரிய ஆளா?”

“பெரிய ஆள்தான். ஆனா அவன் போட்ட கோல்ல பாதிக்கு மேல ஒரே விங்கர் தூக்கிக் குடுத்த பந்து. அந்த விங்கர் கால் உடைஞ்சு உட்கார்ந்த ரெண்டு மாசமும் பீரங்கி வெடிக்கவே இல்லை.”

“பீரங்கிக்கு மருந்து அடைச்சவன் வேற ஆளுன்னு சொல்லுங்க.”

“அந்த ஆளை நாம வாங்கலை.”

மைதானத்தின் அந்தக் கோடியில் இரண்டு பேர் அளவு டேப்பை விரித்துக்கொண்டிருந்தார்கள். புல் வெட்ட வந்தவர்கள் என்று நினைத்தான். பக்கத்தில் போனான். கோல் கம்பத்தடியில் நின்றவர் டேப்பின் ஒரு முனையை அவனிடம் நீட்டினார்.

“சார், இதைக் கொஞ்சம் புடிங்க. ஆளு பத்தலை.”

பிடித்தான். மற்றவர் சுவர் வரை நடந்து, எதையோ சத்தமாகச் சொல்லி, போனில் குறித்துக்கொண்டார்.

“எதுக்கு அளக்கறீங்க?”

“பார்க்கிங் சார். இந்தப் பக்கம் ரெண்டு பிளாக் வருது. நீங்க நிக்கற இடத்துல லிஃப்ட்.”

அவன் முனையை விட்டான். டேப் சர்ரென்று புல்மேல் ஓடி மறுமுனையில் சுருண்டது.

அப்போதுதான் மச்சான் ஓடிவந்தான். மனைவியின் தம்பி. தொழிற்சாலையின் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்வதாகப் பேர்; போனைப் பார்த்துக்கொள்வதுதான் முழுநேர வேலை.

“அத்தான்! நீங்க இங்கயா? இவங்க சும்மா வந்தாங்க. சும்மா ஒரு அளவு.”

“கூட்டம் மத்தியானம்தானே?”

“ஆமாத்தான். ஆனா எப்படியும் அம்மா ஜெயிக்கப் போறாங்க. எப்பத் தோத்திருக்காங்க? நேரம் மிச்சமாகட்டும்னுதான்.” பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். “அத்தான், ஒண்ணு யோசிங்க. பீரங்கி ஜெர்ஸி மட்டும் வித்தாலே போதும். பஸ் பின்னால அவன் மூஞ்சி, ஐஸ் வண்டி பின்னால அவன் மூஞ்சி. ‘பீரங்கியே உருகலை’ன்னு எழுதறோம். எப்படி?”

“நல்லாருக்கு.”

“அப்ப நம்ம பக்கம்தானே?”

“உனக்குச் சளி எப்படி இருக்கு?”

“அது கெடக்குது அத்தான்” என்ற மச்சான், மூக்கை உறிஞ்சினான்.

* * *

அந்தக் குடும்பத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான முடிவு எதையும் வீட்டில் எடுப்பதில்லை, ஆபீஸில் எடுப்பதில்லை. ஐஸ் பாளங்கள் அடுக்கி வைத்திருக்கும் குளிர் அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி பேசி எடுப்பார்கள். மாமாவின் அப்பா வைத்த சட்டம் அது. உள்ளே யாரும் வளவளக்க முடியாது, சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. கதவைத் திறந்து வெளியே போகிறவரின் வாக்கும் அவரோடு வெளியே போய்விடும். உள்ளே மிஞ்சுகிறவர்கள் சொல்வதே முடிவு.

கிழவரின் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. சரியாக யோசிப்பவர்கள் ஜெயிக்கவில்லை. குளிர் தாங்குகிறவர்கள் ஜெயித்தார்கள். மாமாவுக்கு மூச்சிரைப்பு. மச்சானுக்கு மூக்கு. அத்தைக்கு உடம்பு இரும்பு. டாக்டர் வந்ததும், மின்னல் வந்ததும், மேஜர் வந்ததும் இப்படித்தான். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளை உள்ளே போய், ‘உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக வெளியே வந்து நின்றான்.

இன்று கதவுக்கு வெளியே மாமா ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கைகள் உடம்போடு ஒட்டாமல், பொம்மை மாதிரி நின்றிருந்தார்.

“மாப்பிள்ளை, இன்னிக்கு கடைசி வரைக்கும் நிக்கறேன். பாருங்க.”

“போன தடவையும் இதையேதான் சொன்னீங்க மாமா.”

“போன தடவை ரெண்டு ஸ்வெட்டர்தான்.”

நான்கு பேரும் உள்ளே போனார்கள். கனத்த கதவு ‘தொப்’பென்று சாத்திக்கொண்டது. பாளங்களின் மேல் ஒற்றை பல்பு வெளிச்சம் நீலமாக வழிந்தது. எல்லோர் வாயிலும் புகை.

“யாரு மொதல்ல?” என்றார் அத்தை. ஒரு சாதாரண கோட்டுதான் போட்டிருந்தார், அதற்கும் பொத்தான் மாட்டவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். “ஐஸ் எப்படி உறையுது? அவசரப்படுத்தினா உள்ள வெள்ளையாப் போயிடும், விரிசல் விடும். மெதுவா உறைஞ்சாத்தான் கண்ணாடி மாதிரி…”

“கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த ஐஸ் உவமையை நான் கேட்டாச்சு. டீமைப் பத்திப் பேசுங்க.”

“டீமைப் பத்தித்தான்…” மாமாவுக்கு இருமல் வந்தது. அடக்கினார். மறுபடியும் வந்தது. குனிந்து ஒரு பாளத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு விசில் மாதிரி கேட்டது.

“மாமா, வெளிய போங்க” என்றான் மாப்பிள்ளை.

“போனா வாக்குப் போயிடும் மாப்பிள்ளை.”

“போகட்டும். மூச்சுப் போகக் கூடாது.”

மாமா அவனைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மெல்ல நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு போனார். மூன்று ஸ்வெட்டரும் போயின.

மச்சான் கைகளைத் தேய்த்துக்கொண்டான். “சரி, அத்தான் எதிர்த்தாலும் ரெண்டுக்கு ஒண்ணு. முடிஞ்சது. அம்மா, ஏஜென்ட்டுக்குப் போன் போட்டுடட்டுமா?”

“அத்தை, ஒரு விஷயம்” என்றான் மாப்பிள்ளை. “மைதானத்தைக் காலையிலேயே அளந்துட்டாங்க. டேப்போட ஒரு முனையை நான்தான் புடிச்சேன்.”

அறைக்குள் இன்னும் கொஞ்சம் குளிர் ஏறியது போலிருந்தது.

அத்தை மகன் பக்கம் திரும்பினார். “கூட்டத்துக்கு முன்னாடியேவா?”

“அம்மா, சும்மா ஒரு அளவு…”

“இந்த ரூம்ல முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி, ஒரு ஆணி அடிக்கக்கூட எங்க மாமனார் விட்டதில்லை. நீ நிலத்தை அளக்க ஆள் கூட்டிட்டு வந்தியா? நான் ஜெயிப்பேன்னு நீயா முடிவு பண்ணிட்டியா?”

“எப்படியும் நீங்கதானே…”

“வெளிய போ.”

“அம்மா, நான் உங்க பக்கம்!”

“என் பக்கத்துக்கு நீ வேண்டாம். போ வெளிய.”

மச்சான் ஒரு தும்மல் போட்டான். அதையே சாக்காக வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தியபடி போய்விட்டான். கதவு சாத்திக்கொண்டது.

ஒன்றுக்கு ஒன்று.

அத்தை கோட்டின் பொத்தான்களை மாட்டினார். முதல் தடவையாக.

“சொல்லுங்க மாப்பிள்ளை. பணம் போடாம எந்த டீம் ஜெயிச்சிருக்கு? ஒண்ணு சொல்லுங்க.”

“எதுவும் இல்லை அத்தை.”

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. “பின்னே?”

“பணம் போட்டா ஜெயிக்கலாம். நான் இல்லேன்னு சொல்லவே மாட்டேன். வருஷா வருஷம் மேல நிக்கறதெல்லாம் நல்ல சம்பளம் குடுக்கற டீம்தான். நாம சம்பளத்துக்குப் போடலை, வாங்கறதுக்குப் போடறோம். வாங்கறது ஒரு நாள் கூத்து. ஏர்போர்ட்ல மாலை, ஜெர்ஸியோட போட்டோ. அதோட முடிஞ்சுது. நல்லா ஆடற நம்ம ஆள் சம்பளம் கூடக் கேட்டா, காசு இல்லைங்கறோம். அவன் போயிடறான். அவன் இடத்துக்கு நாலு மடங்கு குடுத்து இன்னொருத்தனை வாங்கறோம்.”

“மின்னலைச் சொல்றீங்க.”

“மின்னலையும் சொல்றேன். அவன் மோசமான ஆட்டக்காரன் இல்லை அத்தை. நம்ம ஆளுங்களோட பழகறதுக்குள்ள வித்துட்டோம்.”

“தாடி அப்படி இல்லை. மூணு நாட்டுல ஜெயிச்சவரு.”

“மூணு நாட்டுலயும் பணக்கார டீம்லதான் இருந்தாரு. அங்க ஏற்கெனவே நல்ல ஆளுங்க இருந்தாங்க. அவரு கெட்டிக்காரர்தான். ஆனா அந்தக் கோப்பைல அவர் பங்கு எவ்வளவுன்னு அவருக்கே தெரியாது.”

அவன் தொடர்ந்தான். இரண்டு வருடத்தில் இவ்வளவு பேச்சு அவன் பேசியதில்லை.

“டீம் தொடர்ந்து தோக்கும்போது கோச்சை மாத்தறோம். அடுத்த மாசம் ரெண்டு ஆட்டம் ஜெயிக்குது. புது கோச்சாலன்னு நினைக்கறோம். எந்த டீமும் ஒரேயடியாத் தோத்துக்கிட்டே இருக்காது அத்தை. பழைய ஆளே இருந்திருந்தாலும் அந்த ரெண்டுல ஒண்ணாவது வந்திருக்கும். ஆனா புது கோச்சு வந்தா புது ஆட்டம், புது ஆளு, புதுச் செலவு. பையனுங்க எல்லாத்தையும் முதல்லேர்ந்து கத்துக்கணும்.”

“அப்ப என்ன பண்ணணுங்கறீங்க? கையைக் கட்டிக்கிட்டு உட்காரணுமா?”

“இல்லை. செலவு பண்ணணும். குட்டைக்கும் அந்த விங்கருக்கும் ஒப்பந்தம் முடியப் போகுது. ரெண்டு பேருக்கும் சம்பளத்தை ஏத்தி நாலு வருஷத்துக்குப் போட்டுடுங்க. நடுவுல ஆட இடது கால்காரன் ஒருத்தன் வேணும். நான் பாத்து வெச்சிருக்கேன், பேர் கேட்டா யாருக்கும் தெரியாது. அதனாலதான் விலையும் கம்மி. மைதானம் இருக்கட்டும். கோலியை நிரந்தரமாக்குங்க.”

“கோலியையா? அவருக்கு ஒரு டை கட்டத் தெரியுமா?”

“தாடிக்குத் தெரியுமான்னு நமக்கெப்படித் தெரியும்? தாடி மறைச்சிருக்கு.”

அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயிலிருந்து புகை மொத்தமாக வந்தது. சிரித்து முடித்ததும் அவர் முகம் சட்டென்று வயதாகிப் போனது.

“நீங்க சொல்றது எல்லாம் சரியாவே இருக்கட்டும். எத்தனை வருஷம் ஆகும்?”

“மூணு. நாலுகூட ஆகலாம். ஆனா மேல வருவோம். வந்தா நிப்போம்.”

“கப்பு?”

“அதை யாரும் எழுதிக் குடுக்க முடியாது. பீரங்கியாலயும் முடியாது.”

“எனக்கு அது பத்தாது மாப்பிள்ளை.” அத்தையின் குரல் தாழ்ந்தது. “ஏழாவது இடம், எட்டாவது இடமெல்லாம் எனக்கு ஒரு கவலையா? என் பொண்ணு கடைசியாக் கேட்டது அந்தக் கப்பை. அதைக்கூட வாங்கிக் குடுக்காம நான் எதுக்கு இந்த டீமை வெச்சிருக்கேன்?”

அவன் பாளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாசகத்தை ஸ்டேடியத்தில் எல்லோரும் அறிவார்கள். அவள் நினைவாக நடத்திய ஆட்டத்தின்போது ரசிகர் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்து, ‘அவங்க கடைசி ஆசை இந்தக் கோப்பைதான்’ என்று அழுதார். அடுத்த வாரமே அது துணியில் எழுதப்பட்டு வடக்கு கேலரியில் தொங்கியது. அவருக்கு யார் சொன்னார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கடைசியாகப் பேசியபோது அந்த ஆஸ்பத்திரி அறையில் இருந்தவன் அவன் ஒருவன்தான். அவனிடமும் யாரும் கேட்கவில்லை.

“அவ கப்பைக் கேட்டான்னு உங்களுக்கு யார் சொன்னா அத்தை?”

“எல்லாருக்கும் தெரியுமே.”

“உங்ககிட்ட அவ சொன்னாளா?”

அத்தை கோட்டின் காலரைக் கழுத்தோடு இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“நான் கீழ டீ வாங்கப் போயிருந்தேன்” என்றார். “அவதான் போங்கன்னா. வரிசையில நின்னேன். சில்லறை இல்லைன்னு அந்தக் கடைக்காரன் வேற… திரும்பி வந்தப்ப நீங்க கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் ரசிகர் சங்கத்துக்காரங்க சொன்னதுதான். சொன்னதும் எனக்குப் புடிச்சுக்க ஒண்ணு கெடைச்சுது.”

கதவு வெளியிலிருந்து தடதடவென்று தட்டப்பட்டது. மச்சானின் குரல் அமுங்கிக் கேட்டது.

“அம்மா! ஏஜென்ட் லைன்ல இருக்கான்! வேற டீமும் பீரங்கியைக் கேக்குதாம்! உடனே சொல்லணுமாம்!”

அத்தையின் கை கதவின் கைப்பிடிக்குப் போனது. தள்ளினால் அவருடைய வாக்கு வெளியே போகும். தள்ளாமல் உள்ளேயிருந்தே ஒரு குரல் கொடுத்தாலும் போதும். மகன் அங்கேயே பேசி முடித்துவிடுவான், யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. கை கைப்பிடி மேலேயே இருந்தது. உலோகத்தின் குளிரில் விரல்நுனிகள் வெளுத்தன.

“அவ கப்பைக் கேக்கலை அத்தை” என்றான்.

“அம்மா! லைன்ல இருக்கான்மா!”

“இரு!” என்று கத்தினார் அத்தை. மகனுக்குத்தான். பிறகு கைப்பிடியை விட்டுவிட்டுத் திரும்பினார். “பின்னே என்ன கேட்டா?”

அவனுக்கு விரல்கள் வலிக்கத் தொடங்கியிருந்தன. கைகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“அன்னிக்கு நம்ம ஆட்டம் இருந்துச்சு. போனைத் தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வெச்சு நான் பாத்துக்கிட்டு இருந்தேன். சத்தம் வைக்கலை. அவ தூங்கறான்னு நினைச்சேன். கண்ணைத் தெறக்காமலே ஸ்கோர் என்னன்னு கேட்டா. ரெண்டு ஒண்ணுன்னேன். யாருக்குன்னா. அவங்களுக்குன்னேன்.”

“திட்டினாளா?”

“சிரிச்சா. நல்லா சிரிச்சா அத்தை. ‘உருகிட்டானுங்களா’ன்னா. ஆமான்னேன். கோச்சை மாத்தணுமான்னு கேட்டேன், சும்மா பேச்சுக்குத்தான். எதுக்குடா, பாவம்னா. அப்புறம் போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிடச் சொன்னா. விட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“இன்னும் ஒண்ணு சொன்னா.”

வெளியே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மச்சான் ஏஜென்ட்டிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தான். என்ன சொல்கிறான் என்று கதவின் கனத்தில் கேட்கவில்லை. இருவரும் அந்தப் பக்கம் திரும்பவும் இல்லை.

அத்தை அவன் அருகில் வந்து நின்றார்.

“உங்க பேச்சுல வேண்டாம் மாப்பிள்ளை. அவ எப்படிச் சொன்னாளோ அப்படியே சொல்லுங்க.”

அவன் சொன்னான்.

“சரி, நான் கொஞ்சம் தூங்கறேன். நம்மாளுங்க கோல் போட்டா எழுப்புடா.”